ஆங்கிலத் துறையும் காரைக்கால் மாணவரும்

தமிழ்ப் பகுதியில் ஆங்கிலத் துறையைப்பற்றி எழுதப் புகுந்தது என்னையெனச் சிலர் வியத்தல் கூடும். இப்பகுதியிற் குறளின் பெருமையும், கம்பன் கவிநயமும், சங்ககாலத்து வாணிகமும் வருதலே வழக்கம். அவற்றை யாமும் விரும்பியே படித்து வந்துள்ளோம். ஆயினும் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எம்மனோர் உள்ளத்தை இவ்வாண்டு உறுத்தி நிற்கும் பொருள் வேறொன்று. பல்கலைக்கழகத்து ஆங்கிலத் துறையொன்றில் நடக்கவிருக்கும் விரிவுரைகளும், கருத்தரங்குகளும், மொழிபெயர்ப்புப் பயிலரங்குகளும், பரிசுப் போட்டிகளும், ஆராய்ச்சி வாய்ப்புகளும் யாருக்கு உரியன? காரைக்கால் மாணவன் ஒருவன், அதிலும் தமிழ் பயில்வோன், அவற்றிற் பங்குகொள்ளல் தகுமா? தகும் என்பதே எம் கொள்கை. இடைநின்று தடுப்பன சில உள. அவற்றையும் மறையாது கூறுவோம்.

முன்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த நம் பகுதிக் கல்லூரிகள், 1985-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தாற் புதுவைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் அதனோடு இணைந்தன. அப்பல்கலைக்கழகம் காலாப்பட்டிற் கடலையடுத்து அமைந்துள்ளது. அங்குள்ள ஆங்கிலத் துறை நடத்தும் முதுகலைப் படிப்பின் பெயர் ‘ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும்’ என்பது. அன்பர்கள் இப்பெயரின் பிற்பாதியைச் சற்றே நோக்குக. ஒப்பிடுதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று ஆங்கிலமாயின், மற்றொன்று பெரும்பாலும் வீட்டிலிருந்து மாணவன் கொண்டுவரும் மொழியேயாம். அங்ஙனமாயின் தமிழைத் துறைபோகக் கற்றவன் அங்கே விருந்தினன் அல்லன், பங்காளி.

இத்தகைய துறையொன்றில் ஓராண்டில் நிகழ்வன பல. வெளியூர்ப் பேராசிரியர் வந்து ஆற்றும் விரிவுரைகளைப் பெரும்பாலும் எவரும் சென்று கேட்கலாம். முனைவர் பட்டத்திற்கு ஆய்வேடு அளித்தோர் அவையறிய அதனை நிலைநாட்டும் வாய்மொழித் தேர்வும் அத்தகையதே. முதியோர் எங்ஙனம் மடக்கி வினவுகின்றனர், ஆய்வாளர் எங்கே திணறுகின்றார், எதனைப் பற்றிக்கொண்டு மீள்கின்றார் என்பதை ஒருமுறை உடனிருந்து கண்டவன், ஆராய்ச்சி நெறியைப்பற்றி நூல் பல படித்தவனினும் நன்கு அறிவான். கருத்தரங்கிற்கோ முறை வேறு. அழைப்பு வந்தவுடன் முழுக்கட்டுரை எழுதத் தொடங்குதல் வேண்டா. 250 அல்லது 300 சொற்களிற் கருத்துச் சுருக்கம் ஒன்றை முற்பட விடுத்தல் வேண்டும். அஃது ஏற்கப்பட்ட பின்னரே கட்டுரை. இச்சிறு முறைமையை எடுத்துரைப்பார் இன்மையால் வாய்ப்பிழப்போர் நம்மிற் சிலரல்லர்.

இனி உதவித்தொகையைப்பற்றி ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் பெயரால் ஆண்டிற்கு இருமுறை நடக்கும் தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த இடம் பெறுவார்க்கு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கின்றது. 2023 சனவரி முதல் அத்தொகை திங்களுக்கு 37,000 ரூபாய். வலையிழுக்கும் தந்தைக்கோ நடவுக்குச் செல்லும் தாய்க்கோ பிறந்த பிள்ளைக்கு இஃது எத்துணைப் பெரிது என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமிழைப் பாடமாகக் கொண்டார்க்கு இரண்டாந்தாளின் 100 வினாக்களும் தமிழிலேயே வருகின்றன. ஆனால் எல்லார்க்கும் பொதுவாகிய முதல் தாளின் 50 வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைகின்றன. மொத்த மதிப்பெண் முந்நூற்றில் நூறு அத்தாளுக்கு உரியது. தொல்காப்பியமும் நன்னூலும் நாவில் நிற்க, ஒரு பத்தியைப் படித்துப் பொருள் காணும் ஆங்கில வினாவில் இடறி வீழ்ந்தோரை யாம் அறிவோம். ஆங்கிலத் துறையின் கதவைத் தமிழ் மாணவன் தட்டுதல் பெருமைக்காக அன்று, பிழைப்பிற்காகவுமாம் என்பது இதனாற் போதரும்.

அற்றேல், ஆண்டான் மொழியின் வாயிலில் நிற்பது மானக்கேடன்றோ என வினவுவாரும் உளர். தஞ்சையிலும் நாகையிலும் இவ்வினாவிற்கு ஓர் ஆற்றல் உண்டு. நம் ஊரில் அதன் வரலாறே வேறு. காரைக்கால் 1739-இற் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டப்படி நிறைவுற்றது. இடையில் ஆங்கிலேயர் சிற்சில காலம் பிடித்துவைத்திருந்ததைத் தவிர்த்து நோக்கின், அரசிறை கேட்டதும் வழக்குத் தீர்த்ததும் பிரெஞ்சு மொழியே. கப்பலேறி ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மர்த்தினீக்கும் கூலிகளாகச் சென்ற நம் முன்னோரின் பெயர்ப் பதிவும் அம்மொழியிலேயே கிடக்கின்றது. ஆகவே அக்கம்பக்கத்து மாவட்டங்களில் ஆட்சியின் முத்திரையாய் வந்த ஆங்கிலம், நம்மூர்க்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் வந்தது பெரும்பாலும் விடுதலைக்குப் பின்னரே. இதனை எண்ணிப் பார்த்தார் மிகச் சிலர். ஆங்கிலத்தின்மேற் பிறர் கொண்ட பழம்பகையை நாம் கடன் வாங்கிச் சுமத்தல் வேண்டா என்பதே எம் கருத்து. அதன்பாற் பிறர் கொண்ட மயக்கத்தையும் கடன் வாங்கல் வேண்டா.

ஆங்கிலத் துறை என்பது தானும் பழமையான அமைப்பன்று. இலண்டனில் ஆங்கிலத்திற்கெனப் பேராசிரியர் ஒருவர் அமர்ந்தது 1828-இல். ஆக்ஸ்போர்டில் ஆங்கிலம் தனிச் சிறப்புப் பாடமானது 1894-இல். இதற்கிடையே மெக்காலேயின் 1835-ஆம் ஆண்டுக் குறிப்பைத் தொடர்ந்து இந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில இலக்கியம் பாடமாகப் பரவிவிட்டது. தங்கள் நாட்டிற் கற்பிக்கத் தலைப்படுமுன்னரே அதனை ஆட்சிக் கருவியாக ஈண்டுக் கற்பித்தனர் என்று கௌரி விசுவநாதன் 1989-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். 1968-இல் நைரோபிப் பல்கலைக் கல்லூரியில் நிகழ்ந்தது இதனினும் சுவையானது. கூகி வா தியாங்கோ உள்ளிட்ட ஆசிரியர் மூவர் ஆங்கிலத் துறையை ஒழித்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியமும் மொழிகளும் நடுவாக அமைந்த துறையொன்றை நிறுவுக என்று எழுதிக் கொடுத்தனர். ஆங்கிலத்தை அறவே விலக்குக என அவர்கள் கூறவில்லை. நடுவில் இருப்பது எது, ஓரத்தில் இருப்பது எது என்பதே அவர்தம் கேள்வி. ஒழித்தல் என்னும் சொல்லளவிற்கு யாம் செல்லோம். ஆயினும் அக்கேள்வியை நம் மாணவர் தாமும் கேட்க வேண்டும். கேட்பதற்கு உள்ளே செல்ல வேண்டும்.

உள்ளே சென்றவர்கள் நம் கரையில் இல்லாமற் போகவில்லை. காரைக்காலுக்கு வடக்கே 15 கிலோமீட்டர் அளவிலுள்ள தரங்கம்பாடியில், செருமானியராகிய சீகன்பால்கு, கடற்கரையில் வாழ்ந்தோர் வாய்மொழி கேட்டுத் தமிழ் பயின்று, 1715-இற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். மாயூரத்தில் முனிசீபாய் இருந்த வேதநாயகம் பிள்ளை, 1879-இல் தமிழின் முதல் நாவலை வெளியிடுவதற்கு நெடுநாள் முன்னரே, 1862-இல், நீதிமன்றத் தீர்ப்புகளை ஆங்கிலத்தினின்றும் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என நூலாக்கினார். வழக்காடும் குடியானவனுக்குத் தன் வழக்கின் முடிவு விளங்க வேண்டும் என்னும் நோக்கம் அதிலிருந்தது. தெற்கே நாகப்பட்டினத்திற் பிறந்து அங்கே வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் கற்ற மறைமலையடிகள், தனித்தமிழுக்கே தந்தையெனப்பட்டவர், ஆங்கிலத்தில் இதழும் நடத்தினார். தம் தமிழ் நூல்கட்கு ஆங்கில முன்னுரையும் வரைந்தார். தமிழுக்கு உழைப்போன் ஆங்கிலத்தைத் தீண்டலாகாது என்பார் இவரை என்ன செய்வர்? இளமையைக் காரைக்காலிற் கழித்து ஈண்டே தமிழறிந்த ஜூலியன் வின்சோன் பின்னாளிற் பாரிசிற் கீழைமொழிப் பள்ளியில் அதனைக் கற்பித்தார் என்பதையும் நம் ஊரார் மறந்துவிட்டனர்.

ஆங்கிலத் துறையின் பக்கத்தினின்று தமிழை நாடி வந்தாருள் அ. க. இராமானுசன் தலையாயவர். மைசூரில் ஆங்கில இலக்கியம் கற்று அதனையே கல்லூரிகளிற் கற்பித்து வந்த அவர், 1962-இற் சிக்காகோப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையிற் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிச் சென்றபோது, உ. வே. சாமிநாதையர் 1937-இற் பதிப்பித்த குறுந்தொகை கைக்குக் கிடைத்தது. அதன் பயனாக 1967-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பால் உலகெங்கும் கவிஞர்கள் சங்கப் பாடலை அறிந்தனர். கடல் கடந்து ஒரு நிலவறையில் அவர் கண்டெடுக்க வேண்டியிருந்தது நம் வகுப்பறையிற் பாடநூலாய்க் கிடக்கின்றது.

யாம் அஞ்சுவது இனிக் கூறுவதே. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் தமிழில் வந்தது. கிறித்தவ ஊரில், கிறித்தவக் கோயிலுக்குள்ளேயே சாதி என்ன செய்கின்றது என்பதைக் காட்டிய அந்நூல், சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் ஆங்கிலம் பயின்ற இலட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பாக 2000-இல் வெளிப்போந்தது. இன்று ஆங்கிலத் துறைகள் பலவற்றில் அது பாடம். நம் வீட்டுச் செய்தியை ஆங்கில வழியாக ஆராய்ந்து பட்டம் பெறுவோர் பலராகிவிட்டனர். அவருள் மூலத்தைத் திறந்து பார்ப்போர் எத்துணையர்? சங்கப் பாடலின் ‘முல்லை’ ஒரு பூ, ஒரு நிலம், பிரிந்தான் வருமளவும் இருந்து ஆற்றும் ஒழுக்கம்; மூன்றும் ஒருங்கே. மொழிபெயர்ப்பிற் பூ மட்டுமே எஞ்சி நின்றால், ‘ஈண்டு ஒன்று குறைகின்றது’ எனக் கையுயர்த்திச் சொல்லத் தமிழ் பயின்றவன் ஒருவன் அவ்வறையில் இருத்தல் வேண்டும். அவன் வாரானாயின், நம் இலக்கியத்தைப்பற்றிய முடிவுகள் நாமில்லா அவையிலேயே எழுதப்படும். 2023-இற் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ மொழிபெயர்ப்பு அனைத்துலக புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அப்பரிசின் 50,000 பவுனை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்வது முறை. மொழிபெயர்ப்பு எடுபிடி வேலை என எண்ணுவார்க்கு இவ்வொன்றைச் சொல்லிவைப்போம்.

இனித் தடைகள். காரைக்காலினின்று புதுவை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சீகாழி, சிதம்பரம், கடலூர் கடந்து பேருந்திற் செல்ல நான்கு மணி நேரமாகின்றது. காலாப்பட்டோ புதுவைக்கும் அப்பால். காலை பத்து மணி விரிவுரைக்குச் செல்வோன் கோழி கூவுமுன் கிளம்ப வேண்டும். பெண் மாணவியர்க்கு வீட்டார் இசைவும் அதனோடு வேண்டும். பல்கலைக்கழகம் காரைக்காலிலும் ஒரு வளாகம் வைத்துள்ளது; ஆயின் அங்கே கற்பிப்பன கணினியியலும் வணிகமும் மேலாண்மையும் போன்றன. மற்றொரு தடை செய்தி வந்து சேராமை. பெயர் குறிக்க விரும்பாத ஒரு பல்கலைக்கழகத்தினின்று கட்டுரைப் போட்டி அறிவிப்பொன்று, விண்ணப்பிக்கும் இறுதி நாள் கழிந்து மூன்று நாட்களின் பின்னர் எம் கைக்கு வந்தது. அதனைச் சுவரில் ஒட்டியும் வைத்தனர்! தமிழ் மாணவர் சிலர் இத்தகைய தாளைக் கண்டதும் ‘இது நமக்கன்று’ என முகந்திருப்பிப் போதலும் ஒரு தடையே. அதனை நீக்குதற்குப் பேருந்து வேண்டா.

எம் வேண்டுகோள் பெரிதன்று. அரையாண்டிற்கு ஒருமுறையேனும் ஆங்கிலத் துறை விரிவுரை ஒன்று காரைக்கால் வளாகத்தில் நடத்தல் நன்று. பேராசிரியர் ஒருவர் தெற்கே வருதல், மாணவர் நாற்பதின்மர் வடக்கே செல்லுதலினும் செலவு குறைந்தது. மொழிபெயர்ப்புப் பயிலரங்கில் ஆங்கிலம் பயில்வோன் ஒருவனும் தமிழ் பயில்வோன் ஒருவனுமாக இருவரை இணைத்து ஒரு மேசையில் அமர்த்துக. நாகூர்க் கரைப் பேச்சையும் காரைக்கால் மீனவர் வழக்கையும் எழுதும் கதையொன்றை அவர்க்குக் கொடுத்துப் பார்க்கட்டும். அறிவிப்புகளின் தலைப்பும் இறுதி நாளுமாவது தமிழிலும் இருக்கட்டும். நம் கல்லூரியின் இரு துறைத் தலைவர்களும் இசைந்தால், நூலக வாயிலில் ஒரே பலகையில் இரு துறைச் செய்திகளும் கிழமைதோறும் எழுதப்படலாம். எழுதும் பணியை எம் வகுப்பார் ஏற்க ஆயத்தமாக உள்ளோம். காரைக்கால் விரிவுரைக்கு நாள் குறிப்போர் மட்டும் ஒன்றை நினைவிற் கொள்க. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நடக்கும் நாட்களில் ஊரில் எவரும் விரிவுரை கேட்க வாரார். அதன் பின்வரும் சனிக்கிழமையொன்று பொருத்தமாகும்.