கை மாறிய காகிதமும் கை மாறிய நிலமும்

ஏலக் கம்பெனிகளின் விற்பனைப் பட்டியலைப் புரட்டியிருக்கிறீர்களா தோழர்களே? ஒரு காகிதம். அதில் பேஸ்டல் கட்டியால் தேய்த்த நாலு நிறம். தலைப்பு கிடையாது, உருவம் கிடையாது. அரூப ஓவியமாம். இருக்கட்டும், அதோடு எனக்குச் சண்டையில்லை. நிறத்துக்கு அர்த்தம் சொல்லியே ஆகணும்னு நம்ம ஆட்கள் அடம்பிடிப்பதும் எனக்கு ஒப்பாது. நான் பார்ப்பது படத்துக்குக் கீழே இருக்கும் பொடியெழுத்தை. யார் வரைந்தது, எந்த கேலரி விற்றது, எந்தச் சேகரிப்பாளர் வீட்டில் தொங்கியது, எந்த ஏலத்தில் போனது என்று வரிசையாகப் போட்டிருக்கிறான். விலையை ஏற்றுவது இந்த வரிசைதான்.

அமெரிக்காவில் வூஸ்டர் நகரத்து ஹெர்விட்ஸ் தம்பதி 1960களிலிருந்து இந்திய ஓவியங்களை வாங்கிக் குவித்தார்கள். 1995லும் 1996லும் ஒரு பகுதி நியூயார்க் சோத்பி ஏலத்துக்குப் போனது. அதிலிருந்து 'ஹெர்விட்ஸ் சேகரிப்பு' என்று எழுதிய காகிதத்துக்குக் குலம் கோத்திரம் விசாரித்து முடித்த மாப்பிள்ளையின் மவுசு. (அந்த ஹெர்விட்ஸ் தோல் பொருள் வியாபாரி. அங்கே தோல் தொட்ட கை படத்துக்கு விலை கூட்டுது. இங்கே தோல் தொட்ட கைக்குத் தனிக் குவளை.)

காகிதத்துக்கு இவ்வளவு விசாரணை. நம்ம நிலத்துக்கு? செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்கீர் கொடுத்த அறிக்கையை வைத்து 1892இல் வெள்ளைக்காரன் ஆணை போட்டான். சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம். 10 வருசம் யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டும்தான் விற்கலாம். அது எந்த வருசம், எந்தப் பத்திரத்தில், எவன் கைக்குப் போச்சு? 'பழைய ரெக்கார்டு செல்லரிச்சுப் போச்சுங்க.' எங்க களமருதூருக்கு மேற்கே கல்வராயன் மலையில் ராயர் கொடுத்தது என்ற கதையை வைத்தே ஜாகிர்தார்கள் 1976 வரை ஆண்டார்கள். அவர்களுக்குக் கதையே பத்திரம். நமக்குப் பத்திரம் இருந்தாலும் அது கதை. காரணை நிலத்தைக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

மாணவத் தோழர்களே, உங்க ஊர் அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. 'டி.சி.' என்று குறித்த புல எண்ணை எல்லாம் எழுதி எடுங்க. 1980களில் யு.டி.ஆர். வந்தபோது அந்த எண்ணுக்கு யார் பெயரில் பட்டா ஏறியது என்று பக்கத்திலேயே எழுதுங்க.