தடியடிக்கும் கணக்கு வேண்டும்

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலை கிரிவலக் கூட்டத்தால் நிரம்பி வழிகிறது. அதை ஒழுங்குபடுத்தும் காவலர்களின் உழைப்பு பெரிது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில், யார்மீது, எதற்காகத் தடி ஓங்கப்பட்டது என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. திருவண்ணாமலை மாநகராட்சியாகிவிட்டாலும் காவல்துறை மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. எனவே தகவல் உரிமைச் சட்ட மனு போக வேண்டிய இடம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.

ஆனால் பதிவு இருந்தால்தான் மனுவுக்குப் பதில் கிடைக்கும். பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சாத்தான்குளம் காவல் நிலையம் காட்டியது. 2020 ஜூனில் அங்கே காவலில் தாக்கப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த வழக்கை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், ஹார்டு டிஸ்கில் போதிய இடமிருந்தும் நிலையத்து கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

தடியடி விவரத்தைத் தந்தால் விசாரணை கெடும் என்பார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது, எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. காவலர்களின் மனஉறுதி குலையும் என்ற வாதமும் நிற்காது. முறையாக நடந்த காவலருக்குப் பொய்ப்புகாரிலிருந்து காப்பு, தடி ஓங்கப்பட்டதைக் குறித்துவைக்கும் பதிவேடுதான். ஆனால் மனு மட்டும் போதாது. சாலையோரம் உறங்கும் முகவரியற்ற சாது அடிபட்டால் மனு எழுதப்போவது யார்? அதனால், கேட்கும்வரை காத்திராமல், தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி நிலையவாரியாகத் தடியடி விவரத்தை மாதந்தோறும் மாவட்டக் காவல்துறையே வெளியிட வேண்டும்.