முற்றத்தில் ஓர் ஆவரசு

வன்னியிலே வளவு திருத்துவோர்க்கு முதல் வேலை பற்றை வெட்டுதலாகும். 2009ஆம் ஆண்டின் பின்னர் ஊர் திரும்பிய குடும்பங்கள் அதனை அச்சத்தோடு செய்தன. பற்றைக்குள் பாம்பு கிடக்கலாம், வெடிபொருளுங் கிடக்கலாம். துடைத்து வைத்தாற்போன்ற வெறும் முற்றமே துப்புரவான முற்றம் என்னும் எண்ணம் நம்மிடையே ஊன்றிவிட்டதில் வியப்பில்லை. அதனை நாம் குறை கூறோம். ஆயினும் அக்கத்திக்கு ஆவரசும் இரையானதே நமது வருத்தம்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் ஆவிரையும் ஒன்று. புலவர் மலரென்றதை நாம் பற்றையென்கிறோம்! அதன் இடத்திற் குரோட்டனை வைத்து, சோளகம் வீசிக் கிணறு வற்றும் ஆவணியிலும் அதற்கு வாளி வாளியாக வார்க்கிறோம். வேரூன்றிய ஆவரசோ வாளியை எதிர்பாராது.

விதையின் தோல் கடினமானது. கொதித்து இறக்கிய நீரில் இட்டு ஓரிரவு ஊறவிடுக. ஐப்பசி மழை விழுந்ததும், செடி நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுக. ஆணிவேர் ஆழ ஓடுவதாற் பிடுங்கி நடுதல் எளிதன்று. நல்ல வெயில் வேண்டும்; நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. தகரையை ஆவரசென்று எண்ணி ஏமாறுவோரும் உளர். இலைக்காம்பின் அடியிற் காதுமடல் போன்ற செதில்களும், தட்டையான காயுமே ஆவரசின் அடையாளம்.

“பரட்டையாக வளருமே!” என்பர் இல்லத்தரசிகள். நியாயமே. நாமும் அதனைக் கிழமைதோறுங் கத்தரித்துப் பார்த்தோம். பச்சைச் சுவர் கிடைத்தது, பூக் கிடைக்கவில்லை! பூங்கொத்துக் கிளை நுனியில் அரும்புவது. நுனியை ஓயாது நறுக்கினால் அது எங்கே பூக்கும்? ஆண்டுக்கொருமுறை, மாரிக்குச் சற்று முன், நீண்ட கிளைகளை மூன்றிலொரு பங்கு குறைத்தாற் போதும். செடி தலை நிறைந்து, ஆளுயரத்தில் ஒழுங்காக நிற்கும். இரண்டு செடிகளுக்கிடையே நான்கடி விடுக. அடியைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தால், முற்றத்தின் துப்புரவுக்கு இழுக்கில்லை.

சில வேளைகளிற் பச்சைப் புழுக்கள் இலையைத் தின்னும். மருந்து தெளிக்க ஓடவேண்டாம். அவை வண்ணத்துப்பூச்சிகளாக மாறிப் பறந்துவிடும். செடி மீண்டுந் தளிர்க்கும்.

மாணவர்க்கு ஒன்று. ஆவரசம் பூவிலே தேன் இல்லை. மகரந்தத்துக்காகவே கருவண்டு வருகிறது. பூவை இறுகப் பற்றித் தன் உடலை அதிரச் செய்ய, மகரந்தம் பொடியாய்ச் சிந்தும். காலை வெயிலில், சற்றுத் தள்ளி நின்றாலும் அவ்விரைச்சல் நன்கு கேட்கும்.