ஏணிக்கும் ஒரு மரியாதை

ஆண்டுதோறும் கோடை தொடங்கும் வேளையில் எமது பிள்ளைகள் பலர் பட்டமளிப்பு மேடைகளில் ஏறுகின்றனர். அவர்களின் நிழற்படங்களை வீட்டுச் சுவர்களில் மாட்டுகிறோம். ஊரிலுள்ள உறவினருக்கும் அனுப்பிவைக்கிறோம். அது முற்றிலும் தகும். பெற்றோரின் இரவு வேலையும் பிள்ளையின் கண்விழிப்பும் சேர்ந்து ஈட்டிய பேறு அது. ஆயினும் அம்மண்டபத்தில் பெயர் வாசிக்கப்படாமல் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பட்டப்படிப்பு மாணவரைத் தமது ஆய்வுகூடத்தினுள் அழைத்து, ஆய்வு என்பது யாதெனப் பொறுமையுடன் பழக்கிவிட்ட ஆசிரியரே அவர். அத்தகையோருக்கு உரிய மரியாதை எதுவென்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் ஒருபுறமும் ஆய்வு மறுபுறமுமாகவே நெடுங்காலம் இருந்து வந்தன. இளமாணி மாணவர் விரிவுரை கேட்பர், பரீட்சை எழுதுவர். ஆய்வு செய்வது முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்குப் படிப்போரின் பணி என்பதே வழக்கம். நூலில் விடை இல்லாத ஒரு வினாவைப் பத்தொன்பது வயது மாணவரிடம் ஒப்படைப்பது வீண்வேலை என எண்ணியோர் பலர். அவர்கள் எண்ணத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. புதிதாக வருபவருக்குக் கருவிகளைக் கையாளப் பழக்கவேண்டும். குறிப்பேடு எழுதப் பழக்கவேண்டும். பிழைத்துப்போன பரிசோதனையைச் சலிப்பின்றி மீண்டும் செய்யப் பழக்கவேண்டும். இவ்வளவும் பழகி அவர் பயன்படத் தொடங்கும் நேரத்தில் பட்டம் பெற்று வெளியேறிவிடுவார். அடுத்த ஆண்டு ஆசிரியர் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கவேண்டும். ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியரின் பதவியுயர்வோ பெரும்பாலும் அவர் வெளியிடும் கட்டுரைகளையும் கொண்டுவரும் நிதியையும் வைத்தே நிறுக்கப்படுகிறது. ஆகவே இப்பணியை ஓராண்டு செய்வதற்கு ஆர்வம் போதும். முப்பது ஆண்டுகள் செய்வதற்குத் தவம் வேண்டும்.

அத்தவத்தைச் செய்தோருள் முதலில் நினைக்கத்தக்கவர் மார்கிரட் மக்விக்கார். 1943இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஹமில்ரன் நகரிற் பிறந்தவர். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பௌதிகவியல் கற்று, அங்கேயே ஆசிரியரானவர். பொலறொயிட் நிறுவனத்தின் நிறுவுநர் எட்வின் லாண்ட், 1957இல் அந்நிறுவனத்தில் நிகழ்த்திய உரையொன்றில், மாணவர் ஒவ்வொருவரும் முதலாம் ஆண்டிலிருந்தே தமக்கென ஓர் ஆய்வினை மேற்கொள்ள வேண்டும் என வலியுறுத்தியிருந்தார். கேட்டோர் பலர், செயலாக்க முன்வந்தவர் மக்விக்கார். 1969இல், இருபத்தைந்து வயதளவில், பட்டப்படிப்பு மாணவருக்கான ஆய்வு வாய்ப்புத் திட்டத்தை லாண்டின் ஆதரவுடன் அவர் தொடக்கிவைத்தார். பேராசிரியரின் உண்மையான ஆய்வில் மாணவர் இளைய துணைவராகப் பங்கெடுப்பார். அவ்வுழைப்புக்குக் கற்கைப் புள்ளியோ ஊதியமோ பெறுவார். இன்று அந்நிறுவனத்திற் பட்டம் பெறுவோரில் மிகப் பெரும்பாலானோர் இத்திட்டத்தினூடாகவே வெளியேறுகின்றனர்.

மக்விக்கார் 1991இல் புற்றுநோயால் தமது 47ஆவது வயதிற் காலமானார். அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஒரு கௌரவத்தை அந்நிறுவனம் ஏற்படுத்தியது. பட்டப்படிப்பு மாணவரைக் கற்பிப்பதிலும் வழிநடத்துவதிலும் சிறந்து விளங்கும் பேராசிரியருக்கு அது வழங்கப்படுகிறது. ஒருநாள் மேடையில் சால்வை போர்த்தி அனுப்பிவிடும் கௌரவமன்று அது. தெரிவு செய்யப்பட்டவர் 10 ஆண்டுகள் அப்பதவியை வகிப்பார். ஆண்டுதோறும் அவரது பணிக்கு நிதியும் கிடைக்கும். நெடுங்கால உழைப்பை நெடுங்கால ஆதரவினாலேயே போற்றவேண்டும் என்பதை உணர்ந்த ஏற்பாடு இது.

அடுத்தவர் ஜோசப் கலியன் என்ற கணிதப் பேராசிரியர். சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள டுலூத் என்னும் சிறு நகரில், மின்னசோற்றாப் பல்கலைக்கழக வளாகத்தில், 1977இல் ஒரு கோடைகால ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். கணிதத்தில் இளமாணி மாணவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க இயலாது என்பதே அக்காலத்துப் பொதுவான கருத்து. கலியன் அதனை ஏற்கவில்லை. கோடைதோறும் ஒரு சிலரை மட்டும் தெரிந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் விடுவிக்கப்படாத கணக்கொன்றைக் கொடுத்தார். நான்கு தசாப்தங்களுக்கும் மேலாக அப்பணியை விடாது நடத்தினார். அங்கு பயின்று சென்றோர் பின்னர் இளையோருக்கு ஆலோசகராகத் திரும்பி வருவது வழக்கமாயிற்று. 1995இல் அங்கு வந்த மாணவருள் ஒருவர், மக்விக்காரைப் போன்றே ஹமில்ரனிற் பிறந்த மஞ்சுள் பார்கவா. 1996இல் பட்டப்படிப்பு மாணவரின் கணித ஆய்வுக்கான மோர்கன் பரிசையும், 2014இல் கணித உலகின் அதியுயர் விருதான பீல்ட்ஸ் பதக்கத்தையும் அவர் பெற்றார். அம்மோர்கன் பரிசை 1995இல் முதன்முதலாகப் பெற்றவர், சென்னையிற் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பயின்ற கண்ணன் சௌந்தரராஜன் என்பதும் எம்மவர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

முன்னரே திறமை தெரிந்த மாணவருக்கு வழிகாட்டுவது ஒருவகைத் தொண்டு. கதவே திறக்கப்படாதோருக்குக் கதவைத் திறப்பது அதனினும் பெரிது. பிறீமன் ஹ்ரபௌஸ்கி அதனைச் செய்தவர். 1963இல் அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரில் கறுப்பினச் சிறுவர் உரிமை கேட்டு ஊர்வலம் சென்றபோது, 12 வயதிற் கைதாகிச் சிறையில் இருந்தவர் அவர். பின்னர் கணித அறிஞராகி, மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் போல்ரிமோர் கவுன்ரி வளாகத்திற் பணியேற்றார். விஞ்ஞானத் துறைகளிற் கறுப்பின மாணவர் இடையில் விலகிச் செல்வதைக் கண்டு, மயர்ஹொவ் என்னும் கொடையாளரின் உதவியுடன் 1988இல் ஒரு புலமைப்பரிசில் திட்டத்தை உருவாக்கினார். 19 மாணவருடன் அது தொடங்கிற்று. முதலாம் ஆண்டுக்கு முன்னரே ஒரு கோடைகாலப் பயிற்சி, குழுவாகப் படித்தல், விரைவிலேயே ஆய்வுகூட அனுபவம் ஆகியவையே அதன் தூண்கள். 1992 முதல் 2022 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த காலத்திலும் அவர் இம்மாணவரைக் கைவிடவில்லை. அத்திட்டத்திற் பயின்று 2008இற் பட்டம் பெற்றவர் கிஸ்மெக்கியா கோர்பெற். 2020இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகமும் மொடேர்னா நிறுவனமும் இணைந்து கொரோனாத் தடுப்பூசியை உருவாக்கியபோது, அவ்வாய்வின் முன்னணியில் நின்றவர்களுள் அவரும் ஒருவர். எம்மவரில் எத்தனையோ பேர் அத்தடுப்பூசியை ஏற்றிக்கொண்டே தொழிற்சாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வேலைக்குச் சென்றோம். 1988இல் நட்ட விதையின் நிழல் 2021இல் எமது தோளிலும் விழுந்தது.

இம்மூவரையும் நோக்கும்போது, நீண்டகாலத் தலைமைத்துவத்தை எதனைக் கொண்டு அளப்பது என்பது தெளிவாகிறது. கெட்டிக்கார மாணவரைச் சேர்த்து வைத்துக்கொண்டு எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்பது மட்டும் அளவாகாது. அவர் இல்லாவிடின் ஆய்வின் பக்கமே வந்திராத மாணவர் எத்தனை பேரை அழைத்து வந்தார்? அவர்கள் பின்னர் பிறருக்கு வழிகாட்டுகின்றனரா? அவர் ஓய்வுபெற்ற பின்னும் அக்கதவு திறந்திருக்கிறதா? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்க இருபது, முப்பது ஆண்டுகள் செல்லும். ஆகையினால்தான் இப்பணியை மதிப்பிடும் கண்ணுக்கும் பொறுமை வேண்டும்.

இது எமக்கு எவ்வாறு உரியதாகிறது என்று வாசகர் கேட்கலாம். பேராசிரியரின் பிள்ளைக்கு எந்தக் கதவை எப்போது தட்டவேண்டும் என்பது வீட்டிலேயே தெரியும். பல்கலைக்கழகத்தை முதன்முதலாக மிதிக்கும் அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதனைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. நூற்றுக்கணக்கானோர் அமரும் விரிவுரை மண்டபத்தில் அப்பிள்ளையின் முகம் எந்த ஆசிரியருக்கும் தெரியாது. மேற்படிப்புக்கோ வைத்தியக் கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது பரிந்துரைக் கடிதம் எழுத எவருமின்றி நிற்கும் நிலை அதனாலேயே நேர்கிறது. ஓர் ஆய்வுகூடத்தில் ஒரு கோடை பணியாற்றிய மாணவரைப் பற்றி ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம், புள்ளிப்பட்டியல் சொல்லாத பலவற்றைச் சொல்லும்.

கோடையில் வேலை செய்தால் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு உதவுமே என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்காகவே ஊதியத்துடன் கூடிய ஆய்வு வாய்ப்புகள் உள்ளன. கனடாவில் இயற்கை விஞ்ஞான, பொறியியல் ஆய்வுச் சபை 1980 முதல் பட்டப்படிப்பு மாணவருக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கி வருகிறது. குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உடையோர் மட்டுமன்றி, சட்டப்படி பாதுகாப்புக்குரியவர் என ஏற்கப்பட்ட அகதிகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம். மாணவர் தமது துறை அலுவலகத்தில் குளிர்காலத்திலேயே விசாரிப்பது நன்று. கோடை வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். மறுமொழி தராத பேராசிரியர் ஒருவர் இருந்தால், மறுமொழி தரும் ஒருவரும் எங்கேனும் இருப்பார்.

அவ்வாறு ஒருவர் வாய்த்துவிட்டால், எமது கடமையும் தொடங்குகிறது. ஆசிரியர்களுக்கான விருதுகளை முடிவுசெய்யும் குழுக்கள் பழைய மாணவரின் கடிதங்களைக் கேட்பதுண்டு. பட்டம் பெற்ற பிள்ளை, தன்னை வழிநடத்திய ஆசிரியரைப் பற்றி அத்துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். பத்து ஆண்டுகள் கழித்துத் தான் எங்கே நிற்கிறது என்று மீண்டும் ஒன்று எழுதட்டும். எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அதிக புள்ளி பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசளிக்கும் விழாக்களில், அப்பிள்ளைகளை வளர்த்துவிட்ட ஓர் ஆசிரியரையும், அவர் எவ்வினத்தவராயினும், அழைத்து மாலையிடட்டும். எம்மை அறியாத நாட்டில் எமது பிள்ளையை அறிந்துகொள்ள முன்வந்தவர் அவர். அவருக்கு நன்றி சொல்வதற்கு நாம் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.