கெட்டியா இருந்தா நல்ல ஆயிலா?

பி.காம். படிக்கிறவனுக்கு கியர் பாக்ஸ்ல என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். எல்லாம் எங்க சித்தப்பாவோட பழைய வேனால வந்த வினை :-)

பதினஞ்சு வருஷம் டூரிஸ்ட் வண்டியா ஓடின வேன் அது. பவுர்ணமிக்குப் பவுர்ணமி திருவண்ணாமலைக்கு ஆளுங்களை ஏத்திட்டு வந்து, கிரிவலம் முடிஞ்சதும் திரும்பக் கொண்டுபோய் விட்ட வண்டி. இப்போ பின் சீட்டை எல்லாம் கழட்டிட்டு, ரெண்டு பலகைக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, தண்ணி டிரம் வெச்சு ஓடுற வீடா மாத்திட்டார். பாட்டியை அதுல படுக்க வெச்சே ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஒர்க் ஷாப்ல கியர் ஆயில் மாத்தினோம். "பழைய வண்டி சார், பல்லு தேய்ஞ்சிருக்கும். கெட்டியா 140 ஊத்தினா சத்தம் அடங்கிடும்"னு சொல்லி, கியர் பாக்ஸ், கிரவுன் ரெண்டுக்கும் ஒரே கேன்ல இருந்து ஊத்தினாங்க. சத்தம் அடங்கினது என்னவோ நிஜம். ஆனா மறுநாளே ரெண்டாவது கியர் விழ மறுத்தது. ஜவ்வாது மலை ஏத்தத்துல 'கர்ர்ர்'னு ஒரே கத்தல். வேற இடத்துல காட்டினா, பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும், 18 ஆயிரம் ஆகும்னாங்க. பாட்டியோட ராமேஸ்வரம் அங்கேயே நின்னுடுச்சு.

அப்புறம்தான் சித்தப்பா பரண்ல இருந்து வண்டியோட கையேட்டை எடுத்தார். அதுல கியர் பாக்ஸுக்கு 80டபிள்யூ-90, ஜி.எல்-4. கிரவுனுக்கு மட்டும் ஜி.எல்-5. நாங்க ரெண்டுக்கும் ஊத்தினது 85டபிள்யூ-140, ஜி.எல்-5!

இந்த ஜி.எல். எண் பரீட்சை மார்க் மாதிரி இல்லை, 5 வந்தா 4-ஐ விட ஒசத்தின்னு நினைக்க. கிரவுன்ல பல்லு ஒண்ணோட ஒண்ணு அழுத்தி வழுக்கிக்கிட்டே சுத்தும். அதைத் தாங்க கந்தகம், பாஸ்பரஸ் கலந்த மருந்தை ஜி.எல்-5-ல ஏறக்குறைய ரெண்டு மடங்கு சேர்க்கறாங்க. கியர் பாக்ஸ் கதை வேற. அங்கே பித்தளையில செஞ்ச சிங்க்ரோ வளையம், கியரை உரசிப் பிடிச்சு வேகத்தைச் சமமாக்கினாதான் கியர் சத்தமில்லாம விழும். அது உரசற இடத்துல வழுக்கற மருந்தைக் கொட்டினா எப்படிப் பிடிக்கும்? சில பழைய வகை ஜி.எல்-5 பித்தளையை அரிக்கவும் செய்யும். இப்போ வர்ற பல ஆயில்கள் அந்தளவுக்கு அரிக்காது. ஆனா வழுக்கல் பிரச்சினை போகலை.

அடுத்தது இந்த 90, 140. இன்ஜின் ஆயிலோட 40-ஐயும் கியர் ஆயிலோட 90-ஐயும் பக்கத்துல வெச்சு, 90 ரெண்டு மடங்கு கெட்டின்னு நினைக்கிறோம். அளவுகோலே வேற! கியர் ஆயில் 90 சூடான நிலையில இன்ஜின் ஆயில் 40, 50 கெட்டிக்குக் கிட்டத்தட்டதான் இருக்கும். 'டபிள்யூ'க்கு முன்னாடி வர்ற எண் குளிருக்கானது. 80டபிள்யூ மைனஸ் 26 டிகிரி வரைக்கும் பார்த்துக்கும். நம்ம ஊர் மார்கழிக்கு அதைப் பத்திக் கவலையே வேண்டாம். ஆனா 140 காலையில ஆறிப்போய் இருக்கும்போது, சிங்க்ரோ வளையம் அந்தப் படலத்தைக் கிழிச்சுப் பிடிக்கவே திணறும்.

எல்லா வண்டிக்கும் ஒரே விதியும் கிடையாது. 1960, 70-கள்ல ஐரோப்பாவிலிருந்து தரைவழியா இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் வேன்ல கியர் பாக்ஸும் கிரவுனும் ஒரே கூட்டுக்குள்ள, ஒரே ஆயில்ல ஓடும். பழைய ஹோண்டா கார்கள் பலதுல கியர் பாக்ஸுக்கே இன்ஜின் ஆயில்தான். அதனால பக்கத்து வண்டிக்காரர் சொன்னார்னு ஊத்தாதீங்க, உங்க கையேட்டைப் பாருங்க.

நாங்க ஆயிலை வடிச்சப்போ தட்டுல தங்கப்பொடி தூவின மாதிரி மின்னுச்சு. பார்க்க அழகுதான், ஆனா அது தேய்ஞ்ச பித்தளை. சரியான ஆயில் ஊத்தினதும் கியர் நல்லாவே விழுது. ரெண்டாவது மட்டும் அவசரப்பட்டா இன்னும் முனகும். தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான், எந்த ஆயிலும் அதை வளர்க்காது.

மெக்கானிக்கை மட்டும் திட்ட எனக்கு மனசில்லை. வேலை பார்த்து வேலை கத்துக்கிட்டவர், அவர் கையில யாரும் கையேடு கொடுக்கலை. கேன்ல இருக்கறதெல்லாம் பொடி எழுத்து இங்கிலீஷ். 'கியர் பாக்ஸுக்கு', 'கிரவுனுக்கு'ன்னு தமிழ்ல ரெண்டு வார்த்தை அச்சடிச்சா கம்பெனிக்கு என்ன செலவாகும்? அதுவரைக்கும் பொறுப்பு வண்டிக்காரனுக்குத்தான். கெட்டி ஆயில் ஊத்திச் சத்தத்தை அடக்கறது, பல்வலிக்கு மாத்திரை போட்டுட்டு சொத்தையை விடற மாதிரி. சில நூறு ரூபாய் ஆயில்ல போற விஷயத்தை 18 ஆயிரத்துக்குக் கொண்டுபோற கணக்கு எந்தப் பேரேட்டுலயும் ஒத்துவராது.

இப்போ எங்க வேன்ல அண்ணாமலையார் படத்துக்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கு: 'கியர் பாக்ஸ் - ஜி.எல்-4. கிரவுன் - ஜி.எல்-5.' பாட்டி அதையும் சேர்த்துக் கும்பிட்டுட்டுத்தான் வண்டியில ஏறறாங்க.