கழற்றுவது சுலபம் தான்... காலி என்று யார் சொன்னது?

துப்பாக்கிப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். எந்தப் பிஸ்டலைச் சீக்கிரம் கழற்றலாம்? ஆளாளுக்கு ஸ்டாப் வாட்ச்சும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் கேள்வியே தப்பு!

வேகத்தை மட்டும் பார்த்தால் பழைய கோல்ட் 1911 கடைசி பெஞ்ச். குழல் முனையில் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கும் மூடியை அழுத்திக்கொண்டே புஷ்ஷிங்கைத் திருப்ப வேண்டும். விரல் நழுவினால் மூடி பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். திரும்பப் பூட்டும்போது ஸ்லைடு ஸ்டாப் உரசி, பக்கவாட்டில் கீறல் விழும். அதற்கு 'முட்டாள் கீறல்' என்றே பெயர்!

ரூகர் .22 இன்னும் மோசம். 1949-ல் வந்த மாடலைக் கழற்றிப் பூட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். 2016-ல் மார்க் 4 வந்தபிறகுதான் ஒரே பட்டனில் வேலை முடிந்தது. அதற்கு 67 வருஷம்!

பெரட்டா 92 சமர்த்து. வலப்பக்கம் பட்டனை அழுத்தி, இடப்பக்கம் லீவரைத் திருப்பினால் ஸ்லைடு முன்னால் வந்துவிடும். விசையைத் தொடவே வேண்டாம்.

இப்போது எல்லோருடைய செல்லப்பிள்ளை க்ளாக். மேகஸினை எடு, விசையை இழு, ஸ்லைடைக் கொஞ்சம் பின்னால் தள்ளு, இரண்டு பக்கமும் லாக்கைக் கீழே இறக்கு, முடிந்தது. எளிமைதான். ஆனால் அந்த இரண்டாவது படியைக் கவனியுங்கள். கழற்றுவதற்காக விசையை இழுக்க வேண்டும்!

மேகஸினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஏற்கெனவே சேம்பருக்குள் ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். அதைப் பார்க்க மறந்துவிட்டு விசையை இழுத்தால்? துடைக்க உட்கார்ந்தவர் தொடையிலோ, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை மேலோ பாயும். அமெரிக்காவில் பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களுக்கே இப்படி வெடித்திருக்கிறது.

உடனே ஒரு பதில் ரெடியாக வரும்: "சேம்பரைப் பார் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறதே, பார்க்காதது அவன் தப்பு." தப்பு அவனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் மனுஷன் மறப்பான் என்பது தெரிந்த விஷயம். சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்தால் கியர் போட்டதும் எஞ்சின் அணைகிற மாதிரி பைக் செய்கிறார்களே, ஏன்? "மறந்தவன் விழட்டும்" என்று விடவில்லையே!

வேறு வழியே இல்லை என்றாலாவது பொறுக்கலாம். 2005-ல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி-யில், ஸ்லைடைப் பின்னால் பூட்டிவிட்டு உள்ளே ஒரு குட்டி லீவரை இறக்கினால் போதும், விசையை இழுக்க வேண்டாம். 2017-ல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் பி320-ல் மேகஸினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் பூட்டினால்தான் லீவரே திரும்பும். சேம்பர் தானாகவே கண்ணில் படும். (அதே 2017-ல், கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று பி320-க்கும் திருத்தம் செய்ய வேண்டி வந்தது வேறு கதை. கழற்றும் முறை நன்றாக இருந்தால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.)

ஆக, பெரட்டா லீவருக்கு ஒரு நொடி கூடுதலாக ஆனால் ஆகட்டும். 1911 ஸ்பிரிங் பறந்தால் தேடி எடுத்துக்கொள்ளலாம். பறந்த தோட்டாவை யார் திருப்பிக் கூப்பிடுவது?

அடுத்த முறை யாராவது ஸ்டாப் வாட்ச்சைத் தூக்கினால், "விசையைத் தொடாமல் கழற்ற முடியுமா?" என்று கேளுங்கள். பந்தயம் அங்கேயே முடிந்துவிடும்.