நொண்டி நடந்தால் சிரிப்பா?

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு முழுதும் படியுங்கள்.

ஆண்டு விழாக் காலம். தினமும் இரண்டு காணொளியாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் ஒரே தாத்தா! வளைந்த முதுகு, கையில் கம்பு, தலையில் பவுடர், லொக்கு லொக்கென்று இருமல். அடுத்து ஒரு பையன் காலை இழுத்து இழுத்து நடப்பான், அரங்கமே சிரிக்கும். இன்னொருவன் இடுப்பை ஆட்டி நடப்பான், விசில் பறக்கும். இதற்குப் பெயர் நடிப்பாம்!

முட்டி வலிக்காரர் நடப்பதை நின்று கவனித்திருக்கிறீர்களா? வலிக்கிற காலில் அதிக நேரம் நிற்க முடியாது. அதனால்தான் மறுகால் அவசரமாக முன்னே வருகிறது. போலியோவால் தொடைத் தசை தளர்ந்த சிலர், ஒவ்வோர் அடிக்கும் கையால் தொடையை அழுத்திக்கொண்டு நடப்பார்கள். முட்டி மடங்கி விழாமல் இருக்கத்தான் அந்தக் கை. என் வகுப்புகளிலும் அப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். முதல் மணிக்குள் வகுப்புக்கு வந்து சேர அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அதிலே சிரிக்க என்ன இருக்கிறது?

"சும்மா தமாஷுக்குத்தானே சார்?" என்பீர்கள். 1973இல் ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் யோஹான்சன் ஒரு சோதனையை வெளியிட்டார். இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள். அவை அசைந்ததுமே, மனிதர் நடக்கிறார் என்று பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். பிறகு நடந்த ஆய்வில், அத்தகைய புள்ளிகளை வைத்தே தங்கள் நண்பர் இன்னார் என்றுகூடச் சிலர் அடையாளம் சொன்னார்கள். நடையும் முகம் மாதிரிதான். ஒருவர் முகத்தைக் காட்டி மேடையில் கேலி செய்வீர்களா?

அப்படியானால் நடையைக் காட்டவே கூடாதா? தாராளமாகக் காட்டலாம். 'திருவிளையாடல்' (1965) படத்தில் சிவாஜி மீனவராக நடந்த நடை மிகைதான். ஆனால் அதில் கம்பீரம் இருந்தது, யாரையும் மட்டம் தட்டவில்லை. '16 வயதினிலே' (1977) சப்பாணியைப் பார்த்துப் படத்தில் ஊர் சிரித்தது. நமக்கோ நெஞ்சு கனத்தது. கார்ட்டூன் வரைபவர்கள்கூட, கால்கள் விரியும்போது உடல் தாழ்வதையும், ஒரு காலில் நிற்கும்போது உயர்வதையும் கவனித்துத்தான் வரைகிறார்கள். ஓர் அடி வைப்பதற்குச் சுமார் 12 படம்! நாமோ ஒரு கம்பைக் கொடுத்து வேலையை முடித்துவிடுகிறோம்.

மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்களைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொல்லிவிட்டது. இதைச் சொல்ல நீதிமன்றம்தான் வர வேண்டுமா? நமக்கே தெரிய வேண்டாமா?

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பலர் பெற்றோர். அடுத்த ஒத்திகைக்கு முன், தாத்தா வேடம் போடும் பிள்ளையைத் தன் சொந்தத் தாத்தாவோடு ரேஷன் கடை வரை நடந்துபோய் வரச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எதைப் பிடிக்கிறார், எந்தப் படியில் தயங்குகிறார் என்று பார்த்துவரட்டும். காலை இழுத்து நடந்து சிரிப்பு மூட்டும் காட்சி இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த அரங்கின் கடைசி வரிசையில் அப்படி நடக்கிற ஒரு பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்.